முசாபிர் தூரம்

எனக்குத் தெரிந்த இஸ்லாமியச் சட்டமெல்லாம் கோச்சியில் கேட்டது. எங்கள் பக்கம் ரயிலைக் கோச்சி என்போம். சொன்னவர் கல்முனைக்குடிக் காக்கா. அவருக்கு ஒரு பெயர் இருந்தது, அடையாள அட்டையிலும் சம்பளப் பட்டியலிலும் அதுதான் இருந்தது. ஆனால் மட்டக்களப்பு ஸ்டேசன் மாஸ்டர் முதல் கதுறுவெலையில் எங்களுக்குச் சோறு தந்த கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் காக்காதான். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. நான் பாண்டிருப்பான், திரௌபதை அம்மன் கோயில் மணி கேட்டு வளர்ந்தவன். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் இருவருக்கும் பொலன்னறுவையில் ஒரே கந்தோரில் லிகிதர் வேலை, அரசாங்க அலுவலகக் குமாஸ்தா. கல்முனைக் கரையில் தண்டவாளம் கிடையாது. திங்கட்கிழமை விடிய முந்திப் பஸ் ஏறி இருபத்தைந்து மைல் மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கோச்சி. கிழமை நாட்களில் பொலன்னறுவைக்குப் பக்கத்துக் கதுறுவெலையில் ஒரு அறை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே வழியில் வீடு. சொல்ல லேசாகத்தான் இருக்கிறது. நாட்டில் சண்டை. கோச்சி சில மாதம் மட்டக்களப்பு வரை வரும், சில மாதம் வாழைச்சேனையோடு திரும்பிப் போய்விடும். இருந்த கோச்சிகளைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நாளுக்கு ஒன்று ஆக்கினார்கள். அந்த ஒன்றுக்கும் ஒருமுறை சாரதிமார் வேலைநிறுத்தம், அவர்கள் முடித்த கையோடு கார்ட்மார் வேலைநிறுத்தம். ஸ்டேசன் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியை நாங்கள் கலியாணத் தரகர் என்போம். அது சொன்னதில் பாதி நடந்தால் பெரிய காரியம்.

இந்தச் சீரழிவுக்குள் சீராக இருந்தவர் காக்கா ஒருவர்தான். அவருக்கு ஒரேயொரு பைத்தியம் இருந்தது. சலுகை. எங்கே என்ன சலுகை கிடக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பார். அரசாங்கச் சுற்றுநிருபத்தில், ரயில்வே விதிகளில், மார்க்கச் சட்டத்தில், எதில் இருந்தாலும் சரி. இல்லாததை ஒருநாளும் கேட்கமாட்டார். இருப்பதை ஒருநாளும் விடமாட்டார்.

"சலுகை எண்டா என்ன தம்பி? தாறவன் மனம் வச்சுத் தாறது. அத வேணாமெண்டு செல்றது, விருந்துக்குக் கூப்பிட்ட ஊட்ட போய்ச் சோத்தத் தள்ளி வைக்கிற மாதிரி."

அவருடைய சலுகைகளில் தலையானது முசாபிர் சலுகை. முசாபிர் என்றால் பிரயாணி. ஏறத்தாழ ஐம்பது மைலுக்கு மேல் பயணம் போகிறவன் நாலு ரக்அத், அதாவது நாலு சுற்றுத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், நோன்பைப் பிற்போடலாம். போன ஊரில் நாலு முழுநாள் தங்கினால் அந்தச் சலுகை போய்விடும். ஆனால் வந்து சேர்ந்த நாளும் திரும்பிப் போகும் நாளும் கணக்கில் வராது. காக்கா விரலை மடக்கிக் காட்டுவார். திங்கள் வந்த நாள், தள்ளு. வெள்ளி போற நாள், தள்ளு. மிச்சம் செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள். ஆக, வாரத்தில் ஐந்து நாள் ஒரே அறையில் ஒரே பாயில் படுத்து, ஒரே கடையில் சாப்பிட்டு, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் அவர் பொலன்னறுவையில் எட்டு வருஷமாகப் பிரயாணி.

ஒருமுறை பிரதம லிகிதர், நல்ல சிங்கள மனிதர், சனிக்கிழமையும் நின்று வேலையை முடித்துத் தரும்படி காக்காவிடம் கேட்டார். காக்கா மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்று, சனிக்கிழமை நின்றால் தான் இந்த ஊர்க்காரனாகி விடுவதாகச் சிங்களத்தில் சொன்னார். பிரதம லிகிதர், ஊர்க்காரனானால் வாக்காளர் இடாப்பில் பெயரைப் போட்டுவிடலாம்தானே என்றார். கந்தோரே சிரித்தது. காக்கா மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார். சனிக்கிழமை வேலையை நான் செய்தேன்.

இன்னொரு தடவை வேலைநிறுத்தத்தில் இரண்டு கிழமைக்கு மேல் கதுறுவெலையில் மாட்டிக்கொண்டோம். நாலு நாள் தாண்டிவிட்டது, இனியாவது முழுசாகத் தொழுவார் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதே இரண்டுதான் தொழுதார்.

"காக்கா, நாலு நாள் முடிஞ்சுதே."

"நான் தங்கல்ல தம்பி. காத்துக்கொண்டு இரிக்கன். இண்டைக்கு வேலநிறுத்தம் முடிஞ்சா இண்டைக்கே போயிருவன். இண்டைக்கோ நாளைக்கோ எண்டு காத்திரிக்கிறவனுக்குப் பதினெட்டு நாள் இரிக்கி."

பதினேழாம் நாள் கோச்சி ஓடியது. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தவர்கள் வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தவர் அவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

கோச்சி குறைந்த காலத்தில் பெட்டிக்குள் கால் வைக்க இடமிராது. மூன்று கோச்சியில் போக வேண்டிய சனம் ஒன்றில் போகும். காக்கா ஏறியதும், "கொஞ்சம் இடம் தாங்க, தொழணும்," என்பார். அது ஒரு சொல்லுக்குச் சொல் உண்மையான வேண்டுகோள். இந்த நாட்டில் எந்தச் சாதிக்காரனும் தொழப் போகிறவனுக்கு இடம் மறுக்கமாட்டான். சனம் நெருங்கி நின்று ஒரு பாய் அகலம் விடும். காக்கா தொழுகைப் பாயை விரித்து இரண்டு ரக்அத் தொழுது, ஸலாம் கொடுத்து, தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்டத் தொடங்குவார். தஸ்பீஹ் ஓதுகிறவனை எழும்பச் சொல்ல யாருக்கு மனம் வரும்? மணி பொலன்னறுவை வரை உருளும். வாழைச்சேனை தாண்டியதும் பாயின் ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, கண்ணால் எனக்குச் சைகை காட்டுவார். திருநீறு பூசிய நெற்றியோடு நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

கந்தோரில் வரவு இடாப்பில் ஒன்பது மணிக்குச் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே மூன்று தடவை கையெழுத்து வைத்தால் அரை நாள் லீவு போய்விடும். கோச்சி பிந்தினால் அதற்கு ஸ்டேசன் மாஸ்டரிடம் எழுத்தில் சான்று வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு பழைய சுற்றுநிருபத்தைத் தோண்டி எடுத்தவர் காக்கா. அதன் பிறகு திங்கட்கிழமைக் கூட்டம் முழுவதற்கும் அவரே சான்று வாங்கி வருவார். ஒரு திங்கட்கிழமை வேலைநிறுத்தம். மட்டக்களப்பு ஸ்டேசனில் எட்டு மணி வரை நின்றோம், கோச்சி இல்லை. வீட்டுக்குத் திரும்பி, செவ்வாய்க்கிழமையும் வந்து பார்த்துவிட்டு, புதன்கிழமை ஒரு நெல் லொறியில் தொற்றிக்கொண்டு கந்தோருக்குப் போனோம். இரண்டு நாள் லீவு போச்சு என்று நான் நொந்துகொண்டிருக்கையில், காக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரதம லிகிதர் முன் வைத்தார். 'திங்கட்கிழமைக் காலைக் கோச்சி இதுவரை வந்து சேரவில்லை' என்று எழுதி, புதன்கிழமைத் திகதி போட்டு, முத்திரை குத்தியிருந்தது. எட்டு மணிக்குப் பொலன்னறுவை சேர வேண்டிய கோச்சி ஒன்பதுக்கு வந்தால் ஒரு மணித்தியாலம் மன்னிப்பு. புதன்கிழமை வரை வராவிட்டால்?

பிரதம லிகிதர் அதை இரண்டு தரம் வாசித்தார். "அப்ப நீங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். "நாங்க கோச்சிக்கு முந்தி வந்துட்டம் சேர்," என்றார் காக்கா. அந்த மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லீவு வெட்டப்படவில்லை.

ஆண்டவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான் என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. காக்கா விஷயத்தில் ஒரு நோன்பு காலத்தில் பார்த்தான். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த சில மாதங்கள் அவை. திங்கட்கிழமை, நோன்பு தொடங்கும் சுபஹு விடியலுக்கு முந்திய பஸ்ஸிலேயே கல்முனைக்குடி எல்லையைக் கடந்துவிட்டோம். காக்காவுக்கு அன்று நோன்பு இல்லை, முசாபிர். மட்டக்களப்பில் கோச்சி வந்து தயாராக நின்றது. ஏறி, யன்னலைச் சாத்தி, நோன்பாளிகள் யாரும் பார்க்காத பக்கம் திரும்பி உட்கார்ந்து, இடியப்பப் பார்சலை அவிழ்த்தார். பத்து இடியப்பம், கணவாய்ச் சம்பல், இரண்டு அவித்த முட்டை. கடைசி வாய் உள்ளே போகவும் கார்ட் வந்து கோச்சி போகாது, எல்லோரும் இறங்குங்கள் என்று சொல்லவும் சரியாக இருந்தது.

பத்து மணிக்குக் காக்கா கல்முனைக்குடி பஸ் தரிப்பில் நிற்கிறார். ஊர் முழுக்க நோன்பு. காக்காவின் வாயில் கணவாய் வாசம். நேரே மார்க்கம் சொல்லும் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனார், நானும் பின்னால் போனேன், விட மனமில்லை. ஹஸ்ரத் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார்.

"பொலன்னறுவைக்கெண்டு நினைச்சுத்தானே வெளிக்கிட்டீங்க?"

"ஓம் ஹஸ்ரத்."

"அப்ப திண்டதில குத்தமில்ல. ஆனா இப்ப ஊருக்குள்ள வந்துட்டீங்க. இனி மஃரிப் வரைக்கும் நோன்பாளி மாதிரி ஒண்டும் வாயில வைக்காம இரிங்க. மறுகா ஒரு நோன்பு கழாச் செய்ங்க."

கழா என்றால் விட்டதைப் பிறகு பிடித்து ஈடு செய்வது. வெளியே வந்ததும் காக்கா கொதித்தார். "கோச்சிய நிப்பாட்டினவன் ஒருத்தன், கழாப் புடிக்கிறது நானா? அந்த கார்ட்தான் புடிக்கணும்."

அன்று சூரியன் மறையும் மஃரிப் பாங்கு வரை அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பெருநாள் முடிந்து அந்த ஒரு நோன்பையும் பிடித்தார். சலுகைக்கு என்ன நிபந்தனையோ அதையும் எண்ணிச் செய்கிற மனிதர்.

என்னையும் கெடுத்தார். நான் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடமாட்டேன். வெள்ளிக்கிழமைதான் நாங்கள் ஊர் திரும்பும் நாள், அவர் பார்சலில் பொரித்த பாரை மீன் இருக்கும் நாளும் அதுதான். ஒருமுறை சாரதிமார் சட்டப்படி வேலை செய்யும் போராட்டம். விதிப் புத்தகத்தில் உள்ளபடி ஒவ்வொரு சிக்னலுக்கும் நின்று, பார்த்து, எழுதிப் போனார்கள். வெலிகந்தையில் மூன்று மணித்தியாலம் நின்றோம். "சட்டப்படி வேல செஞ்சா நாடு நிண்டு போகுது பாத்தியா?" என்றபடி காக்கா பார்சலை விரித்தார். எனக்குப் பசி.

"உங்கடதில முசாபிருக்குச் சலுகை இல்லையா?"

"எங்களுக்கு அப்படி ஒண்டும் இல்ல காக்கா."

"பாவம். எங்கடதில பாதி எடு."

எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. காக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது என்ட தப்பு," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் பார்சலில் ஒரு மூலையில் பருப்பும் பூசணிக்காயும் தனியே கட்டியிருக்கும்.

அவருக்கு மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு ஒரு மகள். அவளுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளைக்குச் சவூதியில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை பிளேன். நிக்காஹ் வெள்ளிக்கிழமை அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு என்று நாள் வைத்தார்கள். நிக்காஹில் பெண்ணுக்குப் பொறுப்பாளி அவளுடைய தகப்பன், வாப்பா. வலி என்பார்கள். வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகக் காக்கா அந்த வசனத்தைக் கோச்சியில் எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை பக்கத்தில் நின்ற கடலைக்காரனின் கையைப் பிடித்துச் சொல்லிப் பார்த்ததில் அவன் பயந்துபோய் அடுத்த பெட்டிக்கு மாறிவிட்டான்.

கலியாணத்துக்கு முந்திய புதன்கிழமை, மட்டக்களப்பு தாண்டிக் காத்தான்குடிக்குப் போகும் ஒரு வானில் இரண்டு இடம் இருந்தது. நாங்கள் இருவரும் வியாழன், வெள்ளி லீவு எடுத்திருந்தோம். "வாங்க காக்கா, இப்பவே போவம்," என்றேன்.

காக்கா சட்டைப் பையைத் தட்டினார். அரசாங்க ஊழியனுக்கு வருஷத்துக்கு மூன்று ரயில் வாரண்ட், காசு கொடுக்காமல் போகலாம். இரண்டை அந்த வருஷம் பயன்படுத்திவிட்டார். மூன்றாவதை இதற்கென்றே வைத்திருந்து, அன்று மத்தியானமே ஸ்டேசனில் கொடுத்து வியாழக்கிழமைக் கோச்சிக்கு டிக்கட்டாக மாற்றியிருந்தார். இரண்டாம் வகுப்பு.

"எட்டு வருசமாப் பாயில இரிந்து போறன் தம்பி. மகள்ற கலியாணத்துக்குக் குசன் சீட்டுல போய் இறங்கணும்."

வான் போய்விட்டது. அன்றிரவு வேலைநிறுத்தம் தொடங்கியது.

வியாழக்கிழமைக் காலை ஸ்டேசனில் ஒரு நாய் தவிர யாருமில்லை. பஸ்ஸுக்கு ஓடினோம். மன்னம்பிட்டிக்கு அப்பால் ஏதோ பிரச்சினை, பாதை மூடியாச்சு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். காக்கா டிக்கட்டை எடுத்துப் பார்த்தார், மடித்து வைத்தார். அவர் முகம் கறுத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

கதுறுவெலையில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து ஊருக்கு எடுத்தோம். கல்முனைக்குடியில் அவருடைய மனைவியின் தம்பிக்குப் புடைவைக்கடை, அங்கே போன் இருந்தது. இவருக்கு மச்சான் முறை. அவர் கத்திப் பேசுகிறவர், கடைக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"பயப்பிடாதீங்க மச்சான். நான் ஹஸ்ரத்திட்டக் கேட்டுட்டன். வலி முசாபிர் தூரத்தில இரிந்தா காதியார் அவருக்குப் பகரமா நிண்டு நிக்காஹ் செய்து வைக்கலாமாம். சட்டம் இரிக்காம்."

காதியார் என்றால் முஸ்லிம் கலியாணங்களுக்கு நீதவான். காக்கா சட்டைப் பையிலிருந்த டிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கேக்குதா? நீங்கதானே எப்பவும் செல்றது, நான் முசாபிர், நான் முசாபிர் எண்டு. இது உங்களுக்கெண்டே வச்ச சலுகை. காதியார் நாளைக்கு நாலு மணிக்கு வாறார். மாப்பிள்ள ஊட்டார் மஃரிபுக்கு முந்தி முடிக்கணுமெண்டு நிக்காங்க. நீங்க ஆறுதலா வாங்க."

காக்கா போனை வைத்தார். கேட்காமல் ஒரு சலுகை அவரைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. எட்டு வருஷமாக அவரைக் கேலி செய்வதே தொழிலாக இருந்த எனக்கு அன்று ஒரு கேலியும் வரவில்லை. பாவமாக இருந்தது.

அறைக்கு வந்தோம். அஸர் நேரம். அவர் பாயை விரித்தார். பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு. எழும்பினார். மூன்று. நாலு.

"காக்கா, நாலு தொழுதீங்க."

"ஓம்."

"நீங்க முசாபிர் இல்லையா?"

"வாயப் பொத்திக்கொண்டு படு தம்பி. விடிய வெளிக்கிடணும்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் பாதை திறந்தது. வெற்றுச் சாக்கு ஏற்றிய லொறியொன்றின் பின்னால் ஏறி வெலிகந்தை வரை போனோம். வழியில் மூன்று இடத்தில் இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டினோம். மகளுக்கென்று வாங்கிய சேலையை ஒரு சிப்பாய் விரித்துப் பார்த்தான். "துவகே மகுல," என்றார் காக்கா, மகளின் கலியாணம் என்று. அவன் அதை மடித்துத் தர முயன்று, தெரியாமல், சுருட்டித் தந்தான். வெலிகந்தையிலிருந்து ஒரு ட்ரக்டர் பெட்டி. காக்கா அதில் நின்றபடியே வந்தார். வழியில் மைல்கல் தெரியும்போதெல்லாம் உதடு அசையும். ஓதுகிறார் என்று நினைத்தேன். புணானை தாண்டும்போதுதான் காதில் விழுந்தது, அவர் மைல் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓட்டமாவடியில் ட்ரக்டர் எங்களை இறக்கிவிட்டபோது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. காக்கா யாரையும் பார்க்காமல் நேரே போன் இருக்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தார். ஊரிலே மச்சான் போனை எடுத்தார்.

"ஹஸ்ரத்தக் கூப்பிடு," என்றார் காக்கா.

ஹஸ்ரத் கலியாண வீட்டிலிருந்து வரும் வரை கடைக்காரனின் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நின்றார்.

"ஹஸ்ரத், நான் ஓட்டமாவடியில நிக்கன். மட்டக்களப்பு இருபது மைல், அங்கருந்து ஊர் இருபத்தஞ்சு. நாப்பத்தஞ்சு. அம்பதுக்குள்ள வந்துட்டன். இனி நான் முசாபிர் தூரத்தில இல்ல. இனி என்ன உட்டுட்டு காதியார் நிக்காஹ் செய்ய ஏலா. எனக்குப் பகரமா ஆரையும் நான் நிக்கச் செல்லல்ல. என்ட புள்ளய நான்தான் குடுப்பன்."

மறுபக்கம் ஹஸ்ரத் ஏதோ சொன்னார். காக்காவின் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "ஓம் ஹஸ்ரத். மஃரிபுக்கு முந்தி," என்று சொல்லி வைத்தார்.

"என்னவாம்?"

"இவ்வளவு காலமும் தூரத்தக் கூட்டிக் கூட்டிக் காட்டின மனிசன் இண்டைக்குக் குறைச்சுக் காட்டுறாராம். ஆனா கணக்குச் சரியாம். காதியார இரிக்கச் செல்லுவாராம்."

பிறகுதான் மதியத் தொழுகையான ளுஹர் தொழுதார். வாழைச்சேனையில் ஒரு வான் கிடைத்தது. செங்கலடியில் சோதனை, மட்டக்களப்பில் பாலத்தடியில் சோதனை, கல்லாற்றில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சூரியன் ஒரு சாண் இறங்கியது. இடையில் களுவாஞ்சிக்குடியில் வானின் ரயர் காற்றுப்போனது. சாரதி ரயரை மாற்றும் வரை காக்கா தெருவின் நடுவில் நின்று போகிற வருகிற எல்லாவற்றையும் மறித்தார். ஒரு பிரேத வண்டியையும் மறித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஊரை நெருங்கி, பெரிய நீலாவணை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் நெஞ்சு அடித்தது. என் தங்கையின் கலியாணத்துக்குக்கூட அப்படி அடிக்கவில்லை.

கல்முனைக்குடியில் பந்தல் வாசலில் ஒரு கூட்டம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றது. மஃரிபுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. காக்கா சாக்குத் தூசியும் ட்ரக்டர் புழுதியுமாக இறங்கினார். குழாயடிக்குப் போய் முகம் கை கால் கழுவி உளூச் செய்தார். யாரோ புதுச் சட்டையை நீட்டினார்கள், வேண்டாமென்று தள்ளிவிட்டு, அப்படியே மாப்பிள்ளையின் முன் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தார்.

கடலைக்காரனிடம் சொன்னதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இது வேறாக இருந்தது. மகளின் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தினார். ஹஸ்ரத் மெல்ல எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். காக்கா கையைத் தூக்கி அவரைத் தடுத்துவிட்டு, வசனத்தை முதலிலிருந்து தொடங்கி முழுவதும் சொன்னார். திரைக்கு அப்பால் அவள் அழுதது கேட்டது. நானும் அழுதேன், தூணுக்குப் பின்னால் நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

மஃரிப் தொழுகை முடிந்து சாப்பாடு. ஆறு பேருக்கு ஒரு பெரிய தாலம், அதை சஹன் என்பார்கள். என்னையும் ஒரு சஹனில் இழுத்து இருத்தினார்கள். நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் கோழியும் ஆவி பறந்தது. மாடு நான் தொடமாட்டேன், அது தெரிந்து கோழிப் பக்கத்தை எனக்குத் திருப்பி வைத்தார்கள். காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என்பது நினைவிருந்தது. பொலன்னறுவையிலிருந்து வந்த பிரயாணிதானே என்பதும் நினைவுக்கு வந்தது. கையை நீட்டினேன்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அதற்குள் அவர் சட்டை மாற்றியிருந்தார், தலையில் இன்னும் புழுதி.

"எங்க போகுது கை?"

"காக்கா, நான் இண்டைக்கு முசாபிர்."

"ஆரு முசாபிர்? பாண்டிருப்பு இஞ்சரிந்து ரெண்டு மைல் வராது. நீ ஊருக்கு வந்துட்டாய்."

என்னை எழுப்பி உள் விறாந்தைக்குக் கூட்டிப்போனார். ஒரு புதுச் சட்டியில் சோறு, பருப்பு, பூசணிக்காய், வெள்ளைக் கத்தரிக்காய்ப் பால்கறி. பாண்டிருப்பிலிருந்து எங்கள் தெரு அக்கா ஒருவரைக் கூப்பிட்டுத் தனி அடுப்பில் சமைக்க வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்த அன்றே வீட்டில் சொல்லிவைத்தாராம்.

வாழையிலையை விரித்து அவரே சோற்றைப் போட்டார். "சாப்பிடு," என்றார். "உன்ட அம்மா கை மணந்து பாப்பா."